வீட்டுப் பட்டறையில் காற்று ஹாரன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் கழுவிக் காயவைத்த ஒரு பால் பாக்கெட் உறையும் இருந்தால், தெருமுனை வரை கேட்கும் ஹாரன் ஒன்றைச் செய்துவிடலாம். மின்சாரம், பேட்டரி, கம்ப்ரஸர் எதுவும் தேவையில்லை. செய்ய முனைபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதையொட்டிப் பட்டறையில் செய்து பார்க்கக்கூடிய வேறு சில வேலைகளும் கடைசியில் உண்டு.

இந்த ஹாரன் எப்படி ஒலிக்கிறது?

பெரிய குழாய்த் துண்டு ஒன்றுக்குள் சிறிய குழாய் நுழைந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே வளையமாக இருக்கும் இடைவெளிதான் காற்றறை. அதன் ஒரு முனையை மூடி ஒன்று அடைத்திருக்கும். மறுமுனையில், பெரிய குழாயின் வாயில், மெல்லிய சவ்வு ஒன்று விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். சிறிய குழாயின் விளிம்பு உள்ளிருந்து அந்தச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பக்கவாட்டுத் துளை வழியாக ஊதினால் காற்றறையில் அழுத்தம் ஏறுகிறது. சவ்வு எழும்பி வழிவிடுகிறது, காற்று சிறிய குழாய்க்குள் பாய்கிறது. பாய்ந்த மறுகணமே அழுத்தம் இறங்கிவிடுவதால் சவ்வு திரும்பி வந்து விளிம்பை அடைக்கிறது. இப்படி நொடிக்கு நூறு, இருநூறு முறை நடக்கிறது. குழாய்க்குள் போன ஒவ்வொரு காற்றுத் துடிப்பும் மறுமுனையில் பட்டுத் திரும்பி வந்து, அடுத்து எப்போது திறப்பது என்று சவ்வுக்குத் தாளம் கொடுக்கிறது. அதனால்தான் எவ்வளவு பலமாக ஊதினாலும் சுருதி பெரிதாக மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பது குழாயின் நீளம்.

லாரியில் இருக்கும் ஏர் ஹாரனும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே சவ்வு உலோகத் தகடு, அவ்வளவுதான் வேறுபாடு.

என்னென்ன வாங்க வேண்டும்?

விவசாயக் குழாய் விற்கும் கடைக்குப் போங்கள். 63 மி.மீ. குழாயில் 10 செ.மீ. துண்டு, அதற்குரிய மூடி ஒன்று, 32 மி.மீ. குழாயில் அரை மீட்டர். கடைக்காரர்கள் இவற்றை இரண்டு அங்குலம், ஓர் அங்குலம் என்று சொல்வார்கள். முழுக் குழாய் வாங்க வேண்டியதில்லை. வெட்டிப் போட்ட துண்டுகள் எந்தக் கடையிலும் ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கும், கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஊதுவதற்கு மின்கம்பி ஓட்டும் 20 மி.மீ. கண்டூட் குழாயில் ஒரு சாண். இவற்றோடு பி.வி.சி. குழாய் ஒட்டும் சொல்யூஷன், பிசைந்து ஒட்டும் எம்சீல், ஹேக்சா பிளேடு, அரைவட்ட அரம், உப்புத்தாள், 63 மி.மீ. குழாயைச் சுற்றி இறுக்கும் அளவில் ஒரு ஹோஸ் கிளிப், கொஞ்சம் டெஃப்ளான் டேப்.

எப்படிச் செய்வது?

முதலில் மூடியின் நடுவில் 32 மி.மீ. துளை வேண்டும். வட்டத் துளை அறுக்கும் ஹோல் சா வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. இல்லாதவர்கள் வட்டம் வரைந்து, கோட்டுக்கு உட்புறமாகச் சிறு துளைகளை நெருக்கமாகப் போட்டு, நடுப்பகுதியைத் தட்டி எடுத்துவிட்டு, கோடு வரை அரத்தால் ராவிக்கொள்ளலாம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு ஓட்டை போடும் வழக்கம் பலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அது தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். மூடிக்குப் பதிலாக 63-இலிருந்து 32-க்கு இறங்கும் ரெட்யூசரையும் பயன்படுத்தலாம். அதன் உள்ளே குழாயைத் தடுத்து நிறுத்தும் படி ஒன்று இருக்கும்; அதை ராவி எடுத்தால்தான் குழாய் ஊடுருவிச் செல்லும்.

அடுத்தது வெட்டு. குழாயை நேராக வெட்ட ஒரு வழி: நேரான ஓரமுள்ள காகிதப் பட்டையைக் குழாயில் இறுக்கிச் சுற்றி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி செய்து, அந்த ஓரத்தை ஒட்டிக் கோடு போடுங்கள். கோட்டைப் பின்பற்றிக் குழாயைச் சுழற்றிச் சுழற்றி அறுங்கள். ஒரே பக்கமாக அறுத்து முடித்தால் வெட்டு சாய்ந்துவிடும்.

அடுத்த வேலைதான் இந்த ஹாரனின் உயிர். சிறிய குழாயில் சவ்வைத் தொடப் போகும் விளிம்பு முழுக்க ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தரை ஓட்டின் மேலோ கண்ணாடியின் மேலோ உப்புத்தாளைப் பரப்பி, குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, எட்டு வடிவத்தில் தேயுங்கள். மட்டம் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. விளிம்பு முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டு நான்கைந்து சுற்றுத் தேய்த்துப் பாருங்கள். எங்கே பென்சில் கறுப்பு அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். கறுப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக அழியும் வரை தேய்க்க வேண்டும். பிறகு பிளேடால் உட்பிசிறை நீக்கி, கூர்முனை சவ்வைக் கிழிக்காதபடி மெல்லிய உப்புத்தாளால் இதமாக ஒருமுறை தடவிவிடுங்கள்.

பெரிய குழாயின் பக்கத்தில், மூடிக்கு அருகில், கண்டூட் குழாய் நுழையும் அளவுக்குத் துளை போட்டு எம்சீல் வைத்து ஒட்டுங்கள். அந்தத் துண்டு உள்ளே நீண்டு சிறிய குழாயில் இடிக்கக் கூடாது. மூடியைச் சொல்யூஷன் தடவிச் செருகுங்கள். சிறிய குழாயை மட்டும் ஒட்ட வேண்டாம். டெஃப்ளான் டேப் சுற்றி, சற்றே இறுக்கமாக நகரும்படி உள்ளே தள்ளி, அதன் விளிம்பு பெரிய குழாயின் விளிம்பைவிட ஒரு மி.மீ. மேலே நிற்கும்படி வையுங்கள். சவ்வை இழுத்துப் போர்த்திக் கிளிப்பை முடுக்குங்கள். ஒட்டியவை ஒரு நாள் காய்ந்த பிறகு, ஊதிக்கொண்டே சிறிய குழாயை நூலிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஹாரன் திடீரென்று பிடித்துக்கொள்ளும். அந்த இடத்திலேயே எம்சீல் வைத்து நிலைப்படுத்திவிடலாம்.

சவ்வுக்கு எது நல்லது?

பலூன் ரப்பர் மிக லேசான ஊதலுக்கும் ஒலிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். மருத்துவக் கையுறை அதைவிடச் சற்றுத் தேவலை. எக்ஸ்ரே ஃபிலிம் உழைக்கும். நல்ல காற்று கேட்கும். என் தேர்வு பால் பாக்கெட் உறைதான். அது எளிதில் இழுபடாது, ஈரத்துக்கு அஞ்சாது, கிழிந்தால் மறுநாள் காலையில் புதியது வாசலுக்கே வந்துவிடும்.

ஊதினால் சத்தமே வரவில்லை. எங்கே தவறு?

காற்று மட்டும் புஸ்ஸென்று போகிறதா? சிறிய குழாய் சவ்வைத் தொடவில்லை. ஒரு மயிரிழை மேலே தள்ளுங்கள். கன்னம் வலிக்க ஊதியும் காற்றே நுழையவில்லை என்றால் அதற்கு நேர்மாறு. குழாய் சவ்வை அளவுக்கு மீறி முட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சவ்வு மிக விறைப்பு.

கீச்சென்று ஒலித்துப் பிறகு அடங்குகிறது என்றால் சவ்வில் சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப்பைக் கழற்றி எட்டுத் திசையிலும் சீராக இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் சரியாகாவிட்டால் விளிம்பு மட்டமாக இல்லை என்று பொருள். உப்புத்தாளுக்குத் திரும்ப வேண்டியதுதான். மூடியின் ஓரங்களில் காற்று கசிகிறதா என்று அறியச் சோப்புத் தண்ணீர் தடவி ஊதிப் பாருங்கள். பஞ்சர் கடையில் ட்யூபைச் சோதிப்பதுபோல் குமிழி காட்டிக்கொடுக்கும்.

எந்த நீளத்துக்கு எந்தச் சுருதி?

சவ்வு இருக்கும் முனை மூடிய முனையாக நடந்துகொள்வதால், குழாயின் நீளம் ஒலியலையின் நீளத்தில் கால் பங்காக அமைகிறது. நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். எனவே 8,700-ஐச் செ.மீ. கணக்கிலான நீளத்தால் வகுத்தால் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்) என்பது கிடைத்துவிடும். அரை மீட்டர் குழாய்க்கு 174 ஹெர்ட்ஸ், 25 செ.மீ. குழாய்க்கு 348. ஒரு மீட்டர் குழாய் 87 ஹெர்ட்ஸில் கப்பல் சங்கு மாதிரி உறுமும். திறந்த முனையில் ஒலி சற்று வெளியே தள்ளித்தான் திரும்புகிறது என்பதால் 32 மி.மீ. குழாய்க்கு முக்கால் செ.மீ. அளவு நீளத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். சவ்வின் விறைப்பும் சுருதியைக் கொஞ்சம் இழுக்கும். ஆகவே குழாயை இரண்டு செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, ஊதிப் பார்த்து, பிறகு குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சத்தமாக ஒலிக்க என்ன செய்வது?

எல்லோரும் அழுத்தத்தைக் கூட்டத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. 174 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இரண்டு மீட்டர். அது மூன்று செ.மீ. வாய் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது. வெளிக்காற்றுக்கும் குழாய்க் காற்றுக்கும் அவ்வளவு பொருத்தமின்மை இருப்பதால், ஒலியின் பெரும்பகுதி வாயிலேயே மோதித் திரும்பிவிடுகிறது. முனையில் படிப்படியாக விரியும் புனல் ஒன்றைப் பொருத்தினால் வெளியேறும் பங்கு கூடும். நாதஸ்வரத்தின் அடியில் விரிந்த வாயாக அணசு இருப்பது அழகுக்கு மட்டுமல்ல. நாதஸ்வரம் முழுக்கவே கூம்பு வடிவம். நம்முடைய ஹாரன் உருளை. ஒரே நீளமுள்ள கூம்புக் குழாய், உருளைக் குழாயைவிட ஏறத்தாழ ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கடையில் கிடைக்கும் பெரிய தகரப் புனலின் கழுத்தைக் குழாய் அளவுக்கு வெட்டிச் செருகினாலே வேறுபாடு காதில் படும். புனல் பொருத்தியதும் சுருதி சற்று மாறும். இரண்டாவது, காற்று வரும் வழியை அகலமாக்குவது. ஊதும் குழாய் ஒடுக்கமாக இருந்தால் எவ்வளவு தள்ளினாலும் சவ்வுக்குக் காற்று போய்ச் சேராது. காற்று மெத்தைக்கு மிதித்து அடிக்கும் பம்பு இதற்கு மிகப் பொருத்தம். குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று தரும். சைக்கிள் பம்பு இதற்கு நேரெதிர்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் இணைக்கலாமா? பி.வி.சி. குழாயிலேயே காற்றுத் தொட்டி செய்யலாமா?

இரண்டுமே வேண்டாம். வாயால் ஊதி ஒரு மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்குவதே பெரும்பாடு. அது வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. கம்ப்ரஸர் எட்டு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைச் சாதாரணமாகத் தரும். அதாவது உங்கள் நுரையீரலைப்போல் எண்பது மடங்கு. 63 மி.மீ. குழாயின் மூடியை அது வெளியே தள்ளும் விசை 200 கிலோ எடைக்கு மேல்.

‘குழாயில் 6 கிலோ என்று அச்சிட்டிருக்கிறதே, தாங்காதா?’ என்று கேட்பார்கள். அது சதுர செ.மீ.க்கு எத்தனை கிலோ அழுத்தம் என்ற எண், தண்ணீருக்கு உரியது. தண்ணீர்க் குழாய் வெடித்தால் சில துளி வெளியேறியதுமே அழுத்தம் போய்விடும், ஏனெனில் தண்ணீர் அமுங்குவதில்லை. அமுங்கிய காற்று அப்படியல்ல, விரிந்து முடியும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். அதோடு பி.வி.சி. உடையும்போது கிழியாது, கண்ணாடிபோல் சில்லுச் சில்லாகச் சிதறும். வெயிலில் கிடந்த குழாய் இன்னும் மோசம். அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 1988-இலேயே, தரைக்கு மேல் அழுத்தக் காற்றைக் கொண்டுசெல்ல பி.வி.சி. குழாய்களைப் பயன்படுத்துவது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. முறையான தொட்டி, அழுத்தக் குறைப்பான், உலோக ஹாரன் என்று எல்லாம் இருப்பவர் கம்ப்ரஸரைப் பயன்படுத்தட்டும். குழாய்க் கடைத் துண்டுகளில் செய்த ஹாரனுக்கு மூச்சும் மிதி பம்பும் போதும்.

கார்பைடு போட்டு வெடிக்கும் குழாய்த் துப்பாக்கியும் சத்தம்தானே?

அதைச் செய்ய இங்கே வழி சொல்லப்போவதில்லை. 2025 தீபாவளியை ஒட்டி மத்தியப் பிரதேசத்தில் அந்தக் குழாய்களால் ஏராளமான சிறுவர்களுக்குக் கண்ணில் காயம் ஏற்பட்டது. வெடிக்கவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்க்கும் நேரத்தில் வெடிப்பதுதான் அதன் இயல்பு.

காதுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. அதுவும் செய்பவருக்குத்தான் முதலில். நாள் முழுக்க எட்டு மணி நேரம் 85 டெசிபல் வரை காது தாங்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். 109 டெசிபலில் இரண்டு நிமிடம்கூட இல்லை. சோதனை செய்பவர் ஊதி, நகர்த்தி, மறுபடி ஊதி என்று ஒரு மாலையிலேயே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார்.

பஞ்சு அடைத்துக்கொள்வது பெரிய பாதுகாப்பு அல்ல. நுரையால் ஆன காதடைப்பானை உருட்டிச் செருகுங்கள், அல்லது காதுறை அணியுங்கள். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபல் குறையும். மூடிய அறையில் இந்தக் கணக்குச் செல்லாது. எனவே சோதனையை மொட்டை மாடியிலோ வெளியிலோ வைத்துக்கொள்ளுங்கள், புனலை ஆளில்லாத பக்கம் திருப்பி வையுங்கள். தூங்குகிறவர் காதருகே ஊதி எழுப்பும் வேடிக்கையை என்னால் வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை. காதுக்குள் கேட்கும் ரீங்காரம் வந்துவிட்டால் சிலருக்கு அது போவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வண்டியில் மாட்டலாமா?

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் அவசர நிலை தவிர ஹாரன் ஒலிக்கக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் 100 மீட்டர் அமைதிப் பகுதியில் எந்த நேரத்திலும் கூடாது.

வண்டியில் மாட்டவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 119-ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்கள் ஒலிக்கும் ஹாரனையும், மிகையாகக் கரகரக்கும், அலறும் கருவிகளையும் தடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி ஒலி மாசு வரம்பை மீறி வண்டி ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறைக்கும் இடமுண்டு.

அப்படியானால் இது எதற்குத்தான் பயன்படும்?

விளையாட்டு மைதானத்தில் ஆட்ட நேரம் முடிந்ததை அறிவிக்க நல்லது. தோட்டத்தின் அந்தக் கோடியில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடவும் ஆகும். காட்டுப்பன்றியை விரட்ட என்று கேட்பவர்களுக்கு: முதலில் ஓடும், பழகிய பின் ஓடாது.

மெய்யாகவே பயன்படும் இடம் கடல். பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள், 12 மீட்டருக்குக் குறைந்த படகிலும் ஒலி எழுப்பத் தக்க ஏதேனும் ஒரு கருவி இருக்க வேண்டும் என்கின்றன. மூடுபனியில் இயந்திரப் படகு நகர்ந்துகொண்டிருந்தால், இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஒலி கொடுக்க வேண்டும். ஃபைபர் படகில் பேட்டரி நனைந்துபோகலாம்; வாயால் ஊதும் குழாய்க்கு அந்தக் கவலை இல்லை.

ரயில் ஹாரன் மாதிரி பல சுரம் சேர்ந்து ஒலிக்கச் செய்யலாமா?

செய்யலாம், அதுதான் இந்த வேலையில் இனிமையான பகுதி. மூன்று ஹாரன்களை 60, 48, 40 செ.மீ. நீளத்தில் செய்யுங்கள். அதிர்வெண்கள் 4:5:6 என்ற விகிதத்தில் அமையும். நம் கணக்கில் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். மூன்றுக்கும் ஒரே காற்றறையிலிருந்து கிளை விட்டால் ஒன்று மற்றொன்றின் காற்றைத் திருடும். தனித்தனிக் குழாய் வைத்து மிதி பம்பின் வாயருகே இணைப்பது மேல்.

வட அமெரிக்காவில் டீசல் எஞ்சின்கள் வந்த புதிதில் ஒற்றைச் சுர ஹாரன்தான் இருந்தது. தண்டவாளத்தைக் கடக்கும் கடவுப்பாதையில் நின்றவர்கள் அதை லாரி ஹாரன் என்று நினைத்து ஏமாந்தார்கள். கனடாவின் ராபர்ட் ஸ்வான்சன், நீராவி எஞ்சினின் ஊதல்போலக் கேட்க வேண்டும் என்று, 1940-களின் பிற்பகுதியில் ஐந்தும் ஆறும் சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஹாரன்களை உருவாக்கினார். வான்கூவர் நகரில் நாள்தோறும் நண்பகலில் கனடா நாட்டுப்பண்ணின் முதல் நான்கு சுரங்களை ஒலிக்கும் ஹாரன்களும் அவர் வடிவமைத்தவையே.

இதே பொருள்களில் வேறு என்ன செய்யலாம்?

ஹாரனின் சிறிய குழாயில் ஆறு விரல் துளை போட்டால் அது வாத்தியமாகிவிடும். திறந்த முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துளையாகப் போட்டு, சுருதி பார்த்து, துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்க வேண்டும். குரல் கிளாரினெட்டுக்குக் கொஞ்சம் உறவு.

இன்னொன்று துளைத்தட்டு சைரன். பழைய சி.டி. ஒன்றில் விளிம்பை ஒட்டி வட்டம் வரைந்து, கோணமானியால் 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துளைகள் போடுங்கள். அடியில் மரத்துண்டு வைத்து மெதுவாகத் துளைத்தால் விரிசல் விடாது. பொம்மைக் காரின் மோட்டாரில் அதைப் பொருத்திச் சுழற்றி, துளைகள் கடக்கும் இடத்தில் உறிஞ்சுகுழலால் ஊதுங்கள். தட்டு நொடிக்கு 50 சுற்று சுற்றினால் 12 துளைக்கு 600 ஹெர்ட்ஸ். வேகம் ஏற ஏற ஆலைச் சங்குபோல் சுருதி ஏறும். 1819-இல் பிரெஞ்சுக்காரர் கான்யார் த லா தூர் இதே முறையில்தான் ஒலியின் அதிர்வெண்ணை எண்ணிக் கண்டார். சி.டி.யை ஒருபோதும் உலோகம் அறுக்கும் கிரைண்டர் இயந்திரத்தில் மாட்டாதீர்கள். அந்த வேகத்தில், துளையிட்ட தட்டு சிதறிக் கண்ணைக் கெடுக்கும். பொம்மை மோட்டாரானாலும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாமா?

தாராளமாக. உப்புத்தாள் தேய்ப்பு, பென்சில் சோதனை, சவ்வு கட்டுவது, நீளம் கணக்கிடுவது எல்லாம் அவர்கள் வேலை. ஹோல் சாவும் சொல்யூஷனும் பெரியவர் கையில் இருக்கட்டும். சொல்யூஷன் ஆவி தலைசுற்ற வைக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள். ஒட்டியதை ஒரு நாள் காயவிட்ட பிறகே வாயில் வைக்க வேண்டும். ஊதும் முனைக்கு ஆளுக்கொரு சிறு துண்டுக் குழாய் வெட்டிக் கொடுத்துவிட்டால், ஒருவர் சளி எல்லோருக்கும் வராமல் இருக்கும்.